விசாரணை நாளில் ஒரு செத்தவீடு

பியட்றிஸ் அப்பாவின் கழுத்துப்பட்டியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது, சவ அறையின் வாசலில் இராணுவச் சீருடையில் ஒருவன் வந்து நின்றான். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் குரல் பாதி வசனத்தில் அறுந்துபோனது. செத்தவீட்டுக்கு யாரும் வரலாம், முகம் பார்த்துப் பேசாதவன்கூட வரலாம். ஆனால் சீருடையைக் கண்டால் நம் சனம் முதலில் தேடுவது வெளியே போகும் வழியைத்தான். எந்த நாட்டுச் சீருடை என்பதெல்லாம் பிறகுதான்.

வந்தவன் தொப்பியைக் கழற்றினான். பெட்டியைப் பார்த்தான், பியட்றிஸைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான்.

“அக்கா, நான் யதுர்சன். ஐயாவைத் தேத்தண்ணிக் கடையில சந்திக்கிறதெண்டு வந்தனான். கடைக் கண்ணாடியில அவற்றை படம் ஒட்டியிருக்கு.” தொப்பியை அக்குளுக்குள் செருகினான். “இண்டைக்குப் பத்தரைக்கு எனக்கு விசாரணை.”

பியட்றிஸுக்கு உடனே விளங்கிவிட்டது. அவளுடைய அப்பா மடுத்தீன், பகலில் ஒபர்வில்லியேயில் துணி மொத்தக் கடையொன்றில் பெட்டி தூக்கியவர். மாலையில் பெர்தொனே வீதித் தேத்தண்ணிக் கடையின் கடைசி மேசையில் இருந்துகொண்டு, பிரெஞ்சு இராணுவத்தை விட்டு விலக விரும்பும் சிப்பாய்களுக்கு வழி சொன்னவர். தமிழன், ஆபிரிக்கன், வெள்ளைக்காரன் என்று கணக்கில்லை. இனித் துவக்குத் தூக்கமாட்டேன் என்று மனம் சொல்லிவிட்ட எவனும் எப்படியோ அவரைத் தேடிப்பிடித்துவிடுவான். ஊரில் மீசை அரும்பும் வயதில் ஒரு இயக்கத்துக்குப் போய், ஒருநாள் துவக்கைக் கிணற்றடியில் வைத்துவிட்டு ஓடிவந்த மனிதர் அவர். “எனக்குச் சொல்லிப்போட்டுப் போக ஒரு வாசல் இருக்கேல்லை. இவங்களுக்கு இருக்கு. காட்டிவிட்டா என்ன குறைஞ்சா போவன்?” என்பார். பியட்றிஸுக்கு இது பிடிக்காது. வீட்டில் இருக்கவேண்டிய நேரத்தை ஊர்பேர் தெரியாதவர்களோடு மினக்கெடுத்துகிறாரே என்று கோபம். கோபம் என்பது மரியாதைக்கு. உண்மையில் அது பொறாமை.

“ஐயா என்னைக் கேள்வி கேட்டுப் பழக்கிறதெண்டவர்” என்றான் யதுர்சன். “வாற கிழமை எங்கட பிரிவு வெளிநாடு போகுது. இண்டைக்கு விடாட்டி நானும் போகோணும். போனால், சுடு எண்டு சொல்லேக்க நான் சுடமாட்டன் அக்கா. பிறகு என்னை மறியலில போட்டுப் பூட்டுவாங்கள்.”

அம்மா அற்புதராணி கதிரையில் இருந்தபடியே முகத்தைச் சுளித்தாள். “பிள்ளை, இப்ப பெட்டி மூட வந்திடுவாங்கள். உதுக்கு இதுவோ நேரம்?”

“கொஞ்சம் பொறுங்கோ அம்மா.”

வேறு அறை இல்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே இரண்டு கதிரைகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள். அப்பாவின் வேலைமுறை அவளுக்குத் தெரியும். தானே அதிகாரியாகி, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, எதிரே இருப்பவனை உலுப்பி எடுப்பார். தேத்தண்ணிக் கடை பூட்டியிருக்கும் நாட்களில் அது வீட்டுக் குசினியில் நடக்கும். அடுத்த அறையில் படுத்திருந்தவளுக்குக் கேள்விகள் எல்லாம் எப்போதோ பாடமாகிவிட்டன.

“இத்தனை காலமாகச் சம்பளம் வாங்கும்போது இல்லாத மனச்சாட்சி, இன்றைக்கு எங்கிருந்து வந்தது?” என்று பிரெஞ்சில் கேட்டாள். குரல் தானாகவே தடித்தது.

யதுர்சன் படபடவென்று தொடங்கினான். பாலைவனம், எரிந்த கிராமம், வரிசையாகக் கிடத்திய பிணங்கள், ஒரு தாயின் ஓலம். இடையில் மூச்சு விடவில்லை. எங்கே கண்கலங்க வேண்டுமோ அங்கே சரியாகக் கலங்கவும் செய்தான்.

தமிழ்ச் சனம் நிறைந்த லா சப்பலில் வளர்ந்த ஒருத்திக்கு இந்த மெட்டுத் தெரியாதா? பட்ட காயம் போதாது, இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல் என்று அகதி விண்ணப்பக்காரனுக்குப் புத்தி சொல்ல, வீட்டுக்கு ஒரு மாமா இருப்பார்.

“உதை ஆர் சொல்லித் தந்தது?” தமிழுக்கு மாறினாள்.

“குலசிங்கம் மாமா. அவற்றை கேஸ் உப்பிடித்தான் வெண்டதாம்.”

“நீ பாலைவனத்துக்குப் போனனியோ?”

“இல்லை.”

“மடையா! நீ எங்கெங்கை நிண்டனீ எண்டு அவங்களுக்குத் தெரியாதோ? அனுப்பினதே அவங்கள்தானே! அகதிக் கேஸெண்டு நினைச்சியே?”

அந்த ‘மடையா’ அப்படியே மடுத்தீனின் குரல். செபமாலைப் பெண்களில் ஒருத்தி அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டாள்.

“உண்மையா என்ன நடந்தது?”

“அது சின்ன விசயம் அக்கா. சொன்னால் சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும். சொல்லு.”

அவன் தொப்பியை முழங்காலில் வைத்து நீவினான். “போன மார்கழி, கார் து நோர் ஸ்டேசனில எனக்குக் காவல். துவக்கு நெஞ்சுக்குக் குறுக்கால கிடக்கு, நீட்டக்கூட இல்லை. எங்கட சனத்தில ஒரு அம்மா, வன்னிப்பக்கம் போல, மரக்கறிப் பையோட படி ஏறி வந்தவ. என்னைக் கண்டதும் பையைப் போட்டிட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டா. ‘அம்மா, கையை இறக்குங்கோ, நான் ஒண்டும் செய்யமாட்டன்’ எண்டு தமிழில சொன்னன். தமிழைக் கேட்டவுடன முழங்காலில விழுந்திட்டா. தேசிக்காய் எல்லாம் படிவழிய உருண்டு போகுது. அவ குனிஞ்சு பாக்கவே இல்லை, என்ர துவக்கையே பாத்துக்கொண்டிருந்தவ. அண்டைக்குப் பிறகு அதைத் தூக்கேக்க எனக்கு அந்த அம்மாதான் தெரியிறா. ஒரு ஆளுக்கு முன்னால அப்பிடி நிக்க இனி என்னால ஏலாது அக்கா.”

செபமாலைப் பெண்கள் கதிரைகளைக் கிட்ட இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அற்புதராணி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

“உதைச் சொல்லு ராசா. உது போதும்” என்றாள் அம்மா.

“கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்றாள் பியட்றிஸ்.

இப்படியான விசாரணைகளுக்கு மடுத்தீனோடு கூடப் போகும் வக்கீல் அலெக்சாந்த்ர் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தான். யதுர்சன் அவனுக்குப் பின்னால் ஏறிப் போனான்.

பெட்டி மூடினார்கள். பூசை நடந்தது. பாதர் மடுத்தீனின் நற்குணங்களைச் சொல்லிக்கொண்டு போக, பியட்றிஸின் காதில் எதுவும் ஏறவில்லை. என்ன கேட்டிருப்பார்கள்? குலசிங்கம் மாமாவின் பிணங்களை மறுபடி இழுத்துவந்திருப்பானோ? பரீட்சை மறுமொழிக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல நெஞ்சு துள்ளியது. அப்பாவின் செத்தவீட்டில் இப்படித் துள்ளலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அது அடங்கவில்லை.

லெ பிளாங்-மெனில் சேமக்காலையில் குழி தயாராக இருந்தது. குழியின் மேல் போட்ட பலகைகளில் பெட்டியை வைத்துவிட்டு, இறக்குகிற ஆட்கள் பட்டிகளைக் கையில் எடுத்தார்கள். தொலைபேசியில் இன்னும் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் பியட்றிஸுக்கு அந்த எண்ணம் வந்து அப்பிக்கொண்டது: முடிவு தெரியாமல் அப்பா கீழே போகக்கூடாது.

“கொஞ்சம் பொறுங்கள்” என்று ஆட்களிடம் பிரெஞ்சில் கெஞ்சினாள். பாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பிறகு ஒரு ஞானஸ்நானம் இருந்தது.

அற்புதராணி மகளின் முகத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்தாள். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அது முடிய இன்னொன்று. அதற்கு இரண்டாம் அடி யாருக்கும் தெரியாததால் முதலடியையே சுற்றிச்சுற்றிப் பாடினார்கள். மூன்றாவது பாட்டு நத்தாருக்கு, பாலன் பிறப்புக்குப் பாடுவது. பாதர் வாயைத் திறந்தார். அற்புதராணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வாகனம் வரக்கூடாத பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வந்தது. சேமக்காலைக் காவலாளி கையை ஆட்டிக் கத்தியபடி பின்னால் ஓடிவந்தான். வண்டி நிற்கமுன்னமே யதுர்சன் குதித்தான். தலைக்கவசத்தைக் கழற்றவும் மறந்து கல்லறைகளுக்கிடையால் ஓடிவந்தான்.

“அக்கா, விட்டுட்டாங்கள்! வாற கிழமைப் பயணத்தில நான் இல்லை! ஒப்பந்தத்தை முடிக்கச் சம்மதமாம்! துவக்கை இண்டைக்கே குடுத்திட்டு வந்திட்டன்!”

கூட்டத்தில் யாரோ கைதட்டிவிட்டு, இடம் நினைவுக்கு வந்து கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார்கள். பியட்றிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே, அப்பா கண்ணை மூடியதிலிருந்து வராமல் நின்ற அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அற்புதராணி யதுர்சனின் கையைப் பிடித்துப் பெட்டியடிக்குக் கூட்டிப்போனாள். “எங்களுக்குப் பிறகு சொல்லலாம். அந்த மனுசனுக்குச் சொல்லு. முடிவை மட்டும் சொன்னால் அவருக்குப் பத்தாது, முதலிலயிருந்து சொல்லோணும்.”

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினான்.

“ஐயா, மூண்டு பேர் இருந்தவை. நடுவில ஒரு பொம்பிளை அதிகாரி. முதல் கேள்வி அவதான் கேட்டவ…”

இறக்குகிற ஆட்கள் பட்டிகளைத் தரையில் போட்டார்கள். பாதர் பக்கத்துக் கல்லறை விளிம்பில் உட்கார்ந்து சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பியட்றிஸ் அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, நன்றாகக் கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாள்.