கேம்பருக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சுச் சட்டை

டெல்மர் ஹாகனுக்கு வயிறு எரியத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சரியாகச் சொன்னால், அவன் பெண்டாட்டி ஆர்லிஸ் இன்னொருத்தனுடைய கேம்பரை ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுக்க வைத்த நிமிஷத்தில்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று வீட்டில் குடியிருப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். குளிர்காலம் பூராவும் அரிசோனா பாலைவனத்தில் கேம்பர் என்கிற சக்கர வீட்டைக் கொண்டுவந்து போட்டு, அதிலேயே சமைத்து அதிலேயே படுக்கிற கூட்டத்துக்குத்தான் தெரியும், ஒரு புருஷன் பெண்டாட்டியின் லட்சணம் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான் வெளியே வரும் என்று. புருஷன் கேம்பரை இழுக்கிற பிக்கப் வண்டியில் உட்கார்ந்து பக்கக் கண்ணாடியைப் பார்ப்பான். பெண்டாட்டி கேம்பருக்குப் பின்னால் நின்று கை காட்டுவாள். புதிதாக ஒரு வண்டி வந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் மடக்கு நாற்காலியும் காபியுமாக வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். எத்தனை கல்யாணங்கள் அந்த நாற்காலிகளுக்கு முன்னால் சந்தி சிரித்திருக்கின்றன!

அன்றைக்கு வந்தவன் எம்மெட் ப்ரூயிட், ஓக்லஹோமாக்காரன். போன வருஷம் பெண்டாட்டி செத்துப்போனவன். முப்பத்து நாலு அடி நீளக் கேம்பரோடு தனியாக வந்து நின்று, கை காட்ட ஆள் இல்லாமல் திருதிருவென்று விழித்தான். உடனே ஆர்லிஸ் எழுந்து, "இருங்க, நான் காட்டறேன்" என்று போனாள். போகிற போக்கில் அவள் மேலே மாட்டிக்கொண்டது ஒரு புத்தம்புது ஆரஞ்சுச் சட்டை. ரோடு போடுகிறவர்கள் போடுவார்களே, கண்ணைப் பறிக்கிற மாதிரி, அந்த ஆரஞ்சு. போன வாரம் டவுனுக்குப் போனபோது வாங்கியது. எதற்கு என்று டெல்மர் கேட்டதற்கு, "சும்மாத்தான்" என்று சொல்லியிருந்தாள்.

இடது கை, வலது கை, கொஞ்சம் மெதுவாக, கடைசியில் இரண்டு கையும் குறுக்கே. முடிந்தது. பாறைக்கும் புதருக்கும் நடுவில் கேம்பர் கச்சிதமாகப் போய் நின்றது. நாற்காலி வரிசை கைதட்டியது. எம்மெட் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றி, "அடேயப்பா, உங்க கை பேசுதுங்க!" என்றான். அதற்கு ஆர்லிஸ் சிரித்தாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் டெல்மர் அந்தச் சிரிப்பைக் கேட்டது எத்தனை தடவை? ஒரு கை விரல் போதும் எண்ண.

இதே இடத்தில் அஞ்சு நாளைக்கு முன்னால் டெல்மரும் ஆர்லிஸும் ரிவர்ஸ் எடுத்த கதை வேறு. நாற்பது நிமிஷம். "கையை ஒழுங்கா காட்டு!" "ஒழுங்காத்தான் காட்டறேன், நீ பாரு!" "எங்க நிக்கற நீ?" "இங்கதான் நிக்கறேன் டெல், இங்கதான்!" கடைசியில் பின் விளக்கு பாறையில் போய் மோதித் தூள். டெல்மர் மினசோட்டாவில் முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவன். பனியில், இருட்டில், அறுபது பிள்ளைகள் கத்துகிற கத்தலில். ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்டவன் தப்புப் பண்ணுவானா? அப்போது தப்பு யாருடையது? கை காட்டியவளுடையது. மூன்று வருஷமாக நன்றாகத்தான் காட்டிக்கொண்டிருந்தாள், இந்த ஒரு வருஷமாகத்தான் அவளுக்குக் கவனம் எங்கேயோ போய்விட்டது என்பது அவன் கட்சி.

இப்போது தெரிந்துவிட்டதே! அவளுக்குக் காட்டத் தெரியும். அழகாகத் தெரியும். எவனோ ஒருத்தனுக்கு என்றால் தெரியும்.

வீடு என்றால் கோபித்துக்கொள்ள இடம் உண்டு. விற்றுவிட்டு வந்த வீட்டில் ஒரு கராஜ் இருந்தது, கீழே ஒரு நிலவறை இருந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ரெண்டு நாள் கூட அங்கே கிடக்கலாம். இருபத்தாறு அடிக் கேம்பரில் எங்கே போவது? கட்டிலிலிருந்து அடுப்புக்கு நாலு எட்டு. ஒருத்தரைத் தாண்டி ஒருத்தர் போக இரண்டு பேரும் ஒருக்களிக்க வேண்டும். பேசாமல் இருக்கிற பெண்டாட்டியிடம் "கொஞ்சம் நகரு" என்று கேட்காமல் கக்கூசுக்குக்கூடப் போக முடியாது. கதவை அறைந்து சாத்தினால் மொத்த வீடும் ஆடுகிறது, கோபமா நிலநடுக்கமா என்று பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த வாழ்க்கைக்கு ஒரு சௌகரியம் உண்டு, அதை டெல்மர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமையடிப்பான். பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்கவில்லையா? வீட்டையே கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம்!

"நாளைக்குக் கிளம்பலாம்," என்றான் அன்று சாயங்காலம்.

"சட்டப்படி பதினாலு நாள் இங்க இருக்கலாம். இன்னும் ஒம்பது நாள் இருக்கு," என்றாள் ஆர்லிஸ், பீன்ஸைக் கிளறிக்கொண்டே.

"எனக்கு இந்த இடம் பிடிக்கல."

"நேத்துதானே சொர்க்கம்னே? எனக்கு இங்க வேலை இருக்கு டெல்."

"பாலைவனத்துல உனக்கு என்ன வேலை?"

அவள் பீன்ஸைத் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அடுத்த நாள் எம்மெட் ஒரு தட்டு சோளரொட்டியோடு வந்தான். ஆர்லிஸ் இரண்டு துண்டு தின்று, "எவ்வளவு மெத்துன்னு இருக்கு!" என்றாள். டெல்மருக்கு அந்த ரொட்டி தொண்டையில் மண்ணாக இறங்கியது. அதற்கு அடுத்த நாளிலிருந்து, மூணு மணியானால் ஆர்லிஸ் எம்மெட்டின் பிக்கப்பில் ஏறிப் போய்விடுவாள். குன்றுக்கு அந்தப் பக்கம் புழுதி கிளம்பும். ஒரு மணி நேரம் கழித்து, முகம் சிவந்து, தலை கலைந்து வருவாள்.

நாலாம் நாள் டெல்மருக்குத் தாங்கவில்லை. பக்கத்து வேனில் தனியாக இருக்கிற ட்வைலா பறவை பார்க்கிறவள். பறவையை விட மனுஷரைத்தான் அதிகம் பார்ப்பாள். அவளிடம் பைனாகுலரைக் கேட்டு வாங்கினான்.

"என்ன டிரைவர் சார், என்ன பறவை தேடறீங்க?"

"பருந்து," என்றான் கடுப்பாக.

குன்றின் மேல் இரண்டு பேருமாக ஏறினார்கள். டெல்மர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். பழுப்பாக ஒரு தரை, வெள்ளையாக ஒரு திட்டு. பைனாகுலரின் நடுவிலிருந்த குமிழைத் திருகினான். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். மறுபடி வைத்தான். அதே திட்டு.

"உன் பைனாகுலர் எதுக்கும் லாயக்கில்ல. லென்ஸ் பூரா புழுதி."

ட்வைலா வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. எம்மெட்டோட வண்டி தெரியுது, கேம்பரையும் மாட்டியிருக்கான். ஸ்டியரிங்ல..." என்று நிறுத்தி அவனைப் பார்த்தாள். "ஸ்டியரிங்ல ஆர்லிஸ் உக்காந்திருக்கா. அவன் இறங்கி நிக்கறான்."

டெல்மருக்குத் தலையில் இடி விழுந்தது. ஸ்டியரிங்கா! இத்தனை வருஷத்தில் தன் பிக்கப்பின் ஸ்டியரிங்கை அவன் அவளிடம் கொடுத்ததே இல்லை. அவளும் கேட்காமல் இல்லை. "நீ காருக்குத்தான் லாயக்கு" என்று சொல்லிச் சொல்லியே தட்டிக் கழித்திருந்தான். இந்தப் பயல் வந்து பத்து நாள் ஆகவில்லை, வண்டிச் சாவியையே தூக்கிக் கொடுத்துவிட்டானே! பூ கொடுத்திருந்தால்கூட டெல்மர் பொறுத்திருப்பான்.

அன்று சாயங்காலம் மங்கலான விளக்கில் அவன் காபி ஊற்றும்போது கோப்பை நிரம்பி மேஜையில் வழிந்தது. ஆர்லிஸ் துணியை எடுத்துத் துடைத்தாள்.

"டெல், டவுன்ல ஒரு கண் டாக்டர் இருக்காராம். ரெண்டு மணி நேரந்தான். போய்ட்டு வரலாமா?"

"பேச்சை மாத்தாத. அவன் வண்டியை நீ ஓட்டினியா இல்லையா?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஓட்டினேன்."

"எதுக்கு?"

"இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும் டெல். இப்படியே ஓடாது."

அவ்வளவுதான். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எதற்கு முடிவு, என்ன முடிவு என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. போகப்போகிறாள். முப்பத்து நாலு அடிக்குப் போகப்போகிறாள். திரும்பிப் போக வீடு கிடையாது. அவள் போய்விட்டால் இந்தத் தகரப்பெட்டியில் அவன் மட்டும், ஒருக்களிக்காமல், தாராளமாக நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

பதினாலாம் நாள் கெடு முடிந்து கிளம்பினார்கள். இருபத்தைந்து மைல் தள்ளி அடுத்த இடம். எம்மெட்டும் அங்கேதான் வந்தான், சனியன்.

"நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"அவன் வண்டில போய் ஓட்டு," என்றான் டெல்மர்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினாள். எம்மெட் முன்னால் போக, அவனுடைய பெரிய வெள்ளைக் கேம்பரையே பார்த்துக்கொண்டு டெல்மர் பின்னால் ஓட்டினான். வழி பூராவும் அவள் டாஷ்போர்டை ஒரு கையால் பிடித்தபடியே வந்தாள். "மெதுவா... இடது பக்கம் வா... டெல், இடது!" அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

புது இடத்தில் நாற்காலிகள் அதற்குள் வரிசையாகிவிட்டன. ஆர்லிஸ் இறங்கி, தன் நீல மடக்கு நாற்காலியைக் கேம்பரின் மூலை வந்து நிற்க வேண்டிய இடத்தில் அடையாளமாகப் போட்டாள். ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். அந்தச் சட்டையைப் பார்த்ததும் அவனுக்கு மறுபடி பற்றிக்கொண்டது. ஜன்னலை இறக்கிக் கத்தினான். "யாருக்குக் காட்டறதுக்கு அந்தச் சட்டை? அவன்தான் முதல்லயே வந்து நிறுத்திட்டானே!"

நாற்காலி வரிசை காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தது.

டெல்மர் கியரைப் போட்டான். பக்கக் கண்ணாடியைத் துடைத்தான். காலையிலிருந்து ஆறாவது தடவை. கண்ணாடியில் வெயில், புழுதி, கேம்பரின் வெள்ளைச் சுவர், அதன் ஓரத்தில் ஆரஞ்சாக ஏதோ ஒன்று கரைந்தது. வரச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். வந்தான். இன்னும் வந்தான். யாரோ அலறினார்கள். என்னமோ நொறுங்கியது. எம்மெட் ஓடி வந்து பிக்கப்பின் முன்பக்கத்தில் இரண்டு கையாலும் அறைந்தான். "நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!"

டெல்மர் இறங்கி ஓடினான். சக்கரத்துக்கு அடியில் நீல நாற்காலி நசுங்கிக் கிடந்தது. அவளுடைய நாற்காலி. அதற்கு ஓரடி தள்ளி, புழுதியில் முட்டி போட்டபடி ஆர்லிஸ். உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. அவன் நின்ற இடத்திலிருந்தே கத்தினான்.

"நிறுத்துன்னு காட்டிருக்கலாமே! வான்னு ஏன் காட்டினே?"

அவள் எழுந்தாள். உள்ளங்கைப் புழுதியை முழங்காலில் துடைத்துக்கொண்டாள்.

"நான் ரெண்டு கையையும் குறுக்கே போட்டு நின்னேன் டெல். நீ வண்டியை எடுத்ததிலேர்ந்து அப்படியே நின்னேன்."

அவன் பிக்கப்பின் பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். 

"அவருக்குக் காட்டின அதே கைதான் இது. மூணு வருஷமா உனக்குக் காட்டின கை. கை மாறல." ஆரஞ்சுச் சட்டையின் முனையைப் பிடித்து அவன் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினாள். "பழுப்புக் கோட்டுல உன் கண்ணுக்கு நான் தெரியலைன்னுதானே இதைத் தேடிப் பிடிச்சு வாங்கினேன். இதுலயும் தெரியலைன்னா நான் என்னதான் போடறது?"

டெல்மர் சட்டையைப் பார்த்தான். இவ்வளவு கிட்டத்தில் அதன் ஒவ்வொரு தையலும் தெரிந்தது. அப்புறம் எம்மெட்டைப் பார்த்தான்.

"அவன் வண்டி?"

"நம்ம வண்டியோட ஸ்டியரிங்கை நீ தொட விட்டியா? எங்கயாவது கத்துக்க வேணாமா? இந்த வாழ்க்கையை விட எனக்கு மனசில்ல. உன்னையும் விட மனசில்ல. ரெண்டுல ஒண்ணைத்தான் விடணும்னு நீயே கொண்டுவந்து நிறுத்திட்ட."

எம்மெட் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

முப்பத்தோரு வருஷம். அறுபது பிள்ளைகள். ஒரு கீறல் இல்லை. அதையெல்லாம் இப்போது யாரிடம் சொல்வது? டெல்மர் சட்டைப்பையைத் தடவிச் சாவியைத் தேடினான். சாவி வண்டியிலேயே இருந்தது. "எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு," என்றான், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

ஆர்லிஸ் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி அவன் தோளில் மாட்டினாள். கை இடுக்கில் இறுக்கியது, பொத்தான் போடவில்லை. "மூலைக்கும் பாறைக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு மட்டும் பாரு. கிட்டத்துல இருக்கறது உனக்குத் தெரியும்." பிறகு போய் பிக்கப்பில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

நாற்காலி வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். டெல்மர் ஹாகன், எழுபது வயதை எட்டப்போகிறவன், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேம்பருக்குப் பின்னால் நின்றான். பாறை தெரிந்தது. கேம்பரின் மூலை தெரிந்தது. அதற்கு அப்பால், தூரத்தில், பிக்கப்பின் பக்கக் கண்ணாடியில் ஒரு முகம் இருக்க வேண்டும். அங்கே வெளிச்சமாக ஒரு திட்டு மட்டும்தான் இருந்தது. கண்ணை எத்தனை சுருக்கினாலும் அது ஒரு முகமாகச் சேரவில்லை. இங்கே துடைப்பதற்குக் கண்ணாடியும் இல்லை.

கேட்பதா வேண்டாமா என்று அவன் தவித்தான். உலகத்தில் வேறு யாராவது பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா!

"எம்மெட்," என்றான், திரும்பாமலே. "அவ எங்க பாக்கறா?"

எம்மெட் பக்கத்தில் வந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தான்.

"உங்களைத்தான் சார். வேற எங்கயும் பாக்கல. கையைத் தூக்குங்க, வண்டி வருது."