ஒரு ‘ட்’ குறைந்த டிரைவர்

“கண்ணு போனாப் போகட்டும்னு சொல்ல உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். போனப்புறம் கையைப் புடிச்சு நடத்தப் போறது யாரு? நானா, உங்க ரோஷமா?”

“நான் வரலன்னா வரல. நீயும் உங்கண்ணனும் போய் என்னத்தையாவது சொல்லிட்டு வாங்க.”

“வைத்தியம் பாக்கப் போறது எங்கண்ணன் கண்ணுக்கா?”

“மாப்ள, நான் ஒரு வார்த்தை...”

“நீ சும்மா இரு மச்சான்! உன்னை யாரு இதையெல்லாம் கிளறச் சொன்னது?”

“அவரை ஏன் வையறீங்க? வாயைத் திறந்து தன் தப்பை ஒத்துக்கிறேன்னு வந்து நிக்கிற மனுஷனை!”

அதற்குப் பிறகு ஒரு டம்ளர் உருண்டது. யார் கை பட்டு என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கும் டிரைவர் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். நாங்கள் ஒட்டுக்கேட்கிற ஜாதி இல்லை, சுவர் அப்படிப்பட்டது.

டிரைவர் வாலிபத்தில் ராணுவத்தில் வண்டி ஓட்டியவர். வெளியே வந்தபின் செங்கல் லாரி ஓட்டினார். இப்போது எதையும் ஓட்ட முடியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, விட்டால் இரண்டும் இருண்டுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கான வைத்தியம் ராணுவத்தாரின் கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆனால் வாசலிலேயே விடுவிப்புச் சான்றைக் கேட்கிறார்கள். இவர் சான்றில் ‘ஓடியவர்’ என்று இருக்கிறது. ஓடியவர்களுக்கு அங்கே கேட் திறக்காது.

அந்தச் சொல்லை எழுதியது அயலான் இல்லை, சொந்த மச்சான். அப்போது அவர் மச்சான் ஆகவில்லை, அதே முகாமில் எழுத்தர். அவர் கையெழுத்தைப் பார்த்தால் அச்சாபீஸ்காரன் கடையைச் சாத்திவிடுவான். தெருவில் எல்லார் மனுவையும் அவர்தான் எழுதித் தருவார்; அடித்தல் திருத்தல் கிடையாது. அதனால் எங்களுக்கு அவர் ‘முத்தெழுத்து’. அப்பேர்ப்பட்ட மனிதர், ‘முகாமை விட்டு ஓட்டிச் சென்றார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு ‘ட்’டை விட்டுவிட்டு ‘ஓடிச் சென்றார்’ என்று எழுதிவிட்டாராம். ஒற்றெழுத்து ஒன்று போய், காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிய மனிதர் பயந்தோடியவர் ஆகிவிட்டார்.

இது வெளியே வந்ததே டிரைவருக்குக் கண் மங்கிய பிறகுதான். ‘நான் வந்து சாட்சி சொல்றேன், பதிவைத் திருத்திடலாம்’ என்று முத்தெழுத்து தானாக வந்து சொன்னார். அப்போதுதான் தெருவுக்கும் ஒரு பழைய கணக்கு புரிந்தது. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு திரிந்த ஆளுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான். முத்தெழுத்து தேடிப் போய்த் தன் தங்கையைக் கொடுத்தார். அவள்தான் டெய்லரக்கா, நாக்கும் கத்தரியும் ஒரே கடையில் சாணை பிடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் மச்சான் இந்த வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார், வாசற்படியில்தான். டிரைவரும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். அதை நாங்கள் கோபம் என்று நினைத்திருந்தோம்.

விசாரணைக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த டிரைவரைக் கிளப்பியது மகள்தான். பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதுகிற பெண், அதிகம் பேசாது. இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றதாம்.

“அப்பா, என் முகம் இப்ப உங்களுக்கு எவ்வளவு தெரியுது?”

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்களும் பதிலுக்குக் காத்திருந்தோம். சட்டையின் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு டிரைவர் வெளியே வந்தார்.

மகளுக்கு வேலை, அதனால் டெய்லரக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன் என்பது வேறு விஷயம்.

ராணுவ ஆபீசில் நீண்ட நடைவழி, சுவரோரம் பெஞ்சுகள், கடைசியில் ஒரு அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு பெண் அதிகாரி. ஒரு பக்கம் தட்டச்சு செய்கிறவர்; மறுபக்கம் இருந்தவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை தெரிந்தவர்.

முத்தெழுத்து எழுந்து நின்றார். “எழுதினது நான்தாங்க. அவசரத்துல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. முகாம் மேல குண்டு விழுந்த அன்னைக்கு, யாரும் சொல்லாமலே இவர் காயம்பட்டவங்கள ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாரு. அப்படிப் பொழச்சவங்கள்ல ஒருத்தர் எழுதிக் கொடுத்ததும் இருக்குங்க.”

அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு டிரைவரைப் பார்த்தார். “சரிதானே? ஆமான்னு சொன்னாப் போதும்.”

ஒரு ‘ஆமா’. கட்டிக்கொண்ட நாளிலிருந்து பெண்டாட்டி எதைச் சொன்னாலும் சொல்கிற அதே ‘ஆமா’. டெய்லரக்கா முழங்கையால் இடித்தாள். டிரைவர் எழுந்து, அதிகாரியின் முகம் இருக்கும் என்று நினைத்த திக்கைப் பார்த்துப் பேசினார். அங்கே அலமாரிதான் இருந்தது.

“ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினேங்க. அடுத்த நடைக்கு வந்துடறேன்னு மத்தவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். வண்டி நல்லா இருந்துச்சு. டீசலும் இருந்துச்சு. எனக்குத்தான் கால் பெடல்ல நிக்கல, அப்படி நடுங்குச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி தண்ணித்தொட்டி நிழல்ல போய் உக்காந்துட்டேன். அவங்க நடந்தே வந்து சேர்ற வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். எல்லாரும் வந்து சேரல.”

“திரும்பி வரச்சொல்லி உத்தரவு இருந்துச்சா?”

“உத்தரவு இல்லீங்க. ஆளுங்க இருந்தாங்க.”

தட்டச்சு நின்றது. தூங்கினவர் விழித்துக்கொண்டார். டெய்லரக்கா இடிக்கிறதை நிறுத்திவிட்டுப் புருஷனையே பார்த்தாள்.

டிரைவர் விடவில்லை. “மச்சான் பாவம், அவர் மேல தப்பே இல்லீங்க. ஓடினேன்னு எழுதினாரு, சரியாத்தான் எழுதினாரு. இத்தனை வருஷம் அவர் எங்க வீட்டு வாசப்படியில குத்தவாளி மாதிரி உக்காந்திருக்காரு, நானும் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்.”

முத்தெழுத்து உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்காரப் போய்ப் பாதியில் நின்றார்.

“எழுத்து விட்டுப்போகலீங்க” என்றார். “எனக்கு விட்டுப்போகாது. தெரிஞ்சுதான் எழுதினேன். காத்துக்கிட்டு இருந்தவங்கள்ல நானும் ஒருத்தன். ரோட்டையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. நடந்து வந்து சேர்ந்த கையோட பேனாவை எடுத்தேன். ஓட்டினான்னு எழுத மனசு வரல. இவன் ஏத்திக்கிட்டுப் போனவங்களப் பத்தியும் ஒரு வரி எழுதல. அவங்க அத்தனை பேரும் பொழச்சிட்டாங்கன்னு தெரியறதுக்குள்ள காகிதம் மேல போயிடுச்சு. அப்புறம் வாயைத் திறந்தா என் வேலை போயிருக்கும். அதான் கைப்பிழைன்னு ஆக்கிட்டேன், எனக்கு நானே.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் ஒரே ஜன்னலை நான்தான் உடைத்தேன் என்று அடித்துக்கொண்டால் தலைமையாசிரியை எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

“பிழைன்னு சொன்னது பொய். அதை நான் ஏத்துக்க முடியாது. ஆனா பாதியை எழுதிட்டு மீதியை விட்ட பதிவும் நிக்காது” என்றார். பிறகு தட்டச்சுக்காரருக்குச் சொல்லிக்கொண்டே போனார்: காயம்பட்டோரை உத்தரவின்றி ஏற்றிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தார். முகாமுக்குத் திரும்பவில்லை, திரும்பும்படி உத்தரவும் இல்லை. ‘ஓடியவர்’ என்ற சொல் நீக்கப்படுகிறது.

“இதுக்கு நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்.”

“திரும்பலங்கற வரி அதுல இருக்குங்களா?” என்றார் டிரைவர்.

“இருக்கு.”

“அப்பச் சரி.”

எங்கே போடுவது என்று தெரியாமல் பேனா காற்றில் நின்றது. டெய்லரக்காதான் விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் பேனா மேசையையே துளைத்திருக்கும்.

வெளியே நடைவழியில், ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் மச்சானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். அவள் உட்காரவில்லை.

“அப்ப வேணும்னே எழுதின பாவத்துக்கு எங்கண்ணன் என்னைக் கொடுத்தாரு. விட்டுட்டு வந்த பாவத்துக்கு வேணாம்னு சொல்ல வாயில்லாம நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்க. நடுவுல நான் யாரு? அழிரப்பரா?”

“உனக்கு நல்லது நடக்கணும்னுதாம்மா...”

“எனக்கா, உனக்காண்ணே?”

டிரைவர் மெல்ல, “உன்கிட்ட நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்” என்றார்.

“சொல்லியிருந்தா?” என்றாள் அவள். “சொல்லியிருந்தாலும் ஒருவேளை கட்டிக்கிட்டுத்தான் இருப்பேன். கேட்டாத்தானே தெரியும்? ரெண்டு பேருல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?”

நான் துணைக்குப் போனவள், குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கே அது அதிசயம்.

கண் ஆஸ்பத்திரியில் கேட் திறந்தது. இடது கண் ஓரளவு தப்பியது. வலது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். ‘இதுவே அதிகம்’ என்று டிரைவர் யார் விசாரித்தாலும் சொல்வார். அங்கே சொட்டு மருந்து விடுகிற கம்பவுண்டர் பையன் அப்பாவின் கண்ணைவிட மகளின் கண்ணை அதிகம் பார்த்ததில், அடுத்த வருஷமே கல்யாணம். பையனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனது, மகளும் போய்விட்டாள். பிரசவத்துக்கு ஒத்தாசை என்று டெய்லரக்கா தையல் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். பிரசவம் பார்க்கத் தையல் மிஷின் எதற்கு என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. பேரப்பிள்ளை இப்போது ஓடியாடி விளையாடுகிறதாம். அவள் இன்னும் வரவில்லை. எனக்குத்தான் போன் வரும்: “ரெண்டும் சாப்பிட்டுச்சான்னு எட்டிப் பாத்துச் சொல்லு.”

‘ரெண்டும்’ என்பது ஏனென்றால், முத்தெழுத்து தன் வீட்டைக் காலிசெய்துவிட்டு டிரைவரோடு குடிவந்துவிட்டார். டிரைவருக்குச் சொட்டு மருந்து விடுகிறார், பேப்பர் வாசித்துக் காட்டுகிறார். மற்றபடி பேச்சு அதிகமில்லை. வீட்டில் இருப்பது ஒரே கட்டில். “நீ படு மாப்ள”, “நீ படு மச்சான்” என்று கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு இருவரும் தரையில் பாயை விரிக்கிற சத்தம். கட்டில் சும்மாதான் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லும் தைரியம் அவர்கள் இருவருக்கும் கிடையாது.