லெட்டி ஏரிக்குக் காற்று

நெட்ராவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அடுப்பில் பீன்ஸ் வேகும்போது மூடியை ஓயாமல் திறந்து பார்ப்பாள். ரொட்டி மாவு உப்பி வருவதற்குள் துணியை விலக்கித் தொட்டுப் பார்த்து அமுக்கிவிடுவாள். அவள் சுடுகிற ரொட்டி கட்டையாகத்தான் இருக்கும் என்பது அந்த மலை முழுக்கத் தெரியும். கோடையில் அவளிடம் அறை எடுத்துத் தங்க வருகிறவர்கள் அதை ஒன்றும் சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டு, தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார்கள்.

அந்த மே மாதம் முழுக்க அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கீழே யூட்டா பள்ளத்தாக்குகளில் ஆப்பிள் மரங்கள் பூத்து உதிர்ந்துகூட விட்டன. இங்கே மேலே லெட்டி ஏரி இன்னும் பனிக்கட்டியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

"நீ முறைச்சுப் பாத்தா ஐஸ் உருகிடுமா? உக்காருக்கா" என்றான் டிலோய். அவன் மேஜையில் ஒரு தகர டப்பாவைத் திறந்து வைத்துத் தூண்டில் முட்களைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"உருகினா நல்லதுதானே."

"அது உருகுறப்ப உருகும். உள்ள இருக்கற மீனுங்க உசுரோட இருக்கணும், அவ்வளவுதான்."

நெட்ரா போய், ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

டிலோய் அவளுடைய ஒரே தம்பி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். நெவாடா சுரங்கம், வயோமிங் எண்ணெய்க் கிணறு, அலாஸ்காவில் நண்டுப் படகு என்று சுற்றாத இடமில்லை. எங்கே போனாலும் அவனுடைய கான்வாஸ் பை பிக்கப் வண்டியின் சீட்டுக்குப் பின்னாலேயேதான் கிடக்கும், வீட்டுக்குள் வராது. சில வருஷங்களுக்கு முன் கூரையைச் சரிசெய்து தருகிறேன் என்று வந்தவன், வேலை முடிந்ததும் கிளம்பத் தயாராக இருந்தான். அந்த வாரம்தான் மீன்துறைக்காரர்கள் ஏரியில் டிரவுட் மீன் குஞ்சுகளை விட வந்தார்கள். டிலோயும் இறங்கி நின்று கை கொடுத்தான். சாயங்காலம் முழுக்கக் கரையிலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் பை வீட்டுக்குள் வந்தது, சட்டைகள் ஆணியில் ஏறின. நெட்ராவின் கணவன் போய்ச் சேர்ந்த பிறகு குளிர்காலங்களில் அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்டதில்லை. அந்தச் சட்டைகளைப் பார்த்து அவள் பட்ட சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுவானோ என்று பயம்.

மீன்தான் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறது, மீன் போனால் அவனும் போய்விடுவான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

லெட்டி ஏரி ஆழமில்லாதது. பனிக்கட்டியின் மேல் வெண்பனி குவிந்துவிட்டால் வெளிச்சம் உள்ளே இறங்காது. அடியில் பாசி செத்து அழுகும், அந்த அழுகல் தண்ணீரில் இருக்கிற காற்றை எல்லாம் தின்றுவிடும், மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். இதைத் தடுக்கத்தான் கரைக் கொட்டகையில் ஒரு பழைய டீசல் எஞ்சின் இருந்தது. ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பினால், குழாய் வழியாக ஏரியின் அடியில் காற்றை ஊதும். ஆனால் அதை இலையுதிர் காலத்திலேயே, ஏரி உறைவதற்கு முன்பே ஓட விட்டுவிட வேண்டும். போன வருஷம் அந்த நேரம் பார்த்து பிஸ்டன் வளையம் உடைந்துபோனது. புது வளையம் தபாலில் வந்து சேர்ந்தபோது ஏரி மூடிவிட்டிருந்தது.

டிலோய் வளையத்தை மாட்டிவிட்டு, ஹேண்டிலைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டான். "இனிமே வசந்தம் வரைக்கும் இதைத் தொடக் கூடாதுக்கா. கெட்ட தண்ணி எல்லாம் அடியில கிடக்கு. நல்ல தண்ணி ஐஸை ஒட்டி மேலாகக் கொஞ்சூண்டுதான் இருக்கு. மீனுங்க அதுலதான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும். இப்பப் போய்க் காத்தடிச்சா ரெண்டும் கலந்து, மொத்தமும் காலி."

அதற்குப் பதிலாக அவன் தினமும் மண்வெட்டியோடு ஏரிமேல் இறங்கி, வெளிச்சம் போகட்டும் என்று நீள நீளமாகப் பாத்தி போல வெண்பனியை அள்ளிக் கொட்டினான்.

பிப்ரவரியில் அவனுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. கன்னம் பன் மாதிரி உப்பிப்போய்ப் பல் வைத்தியரைப் பார்க்க ஊருக்கு இறங்கினான். அவன் போன கையோடு புயல் வந்து பாதையை அடைத்தது. அவன் வெட்டி வைத்த பாத்திகள் எல்லாம் மூடிப்போயின. நெட்ரா முதல் நாள் அள்ளினாள். இரண்டாம் நாள் பனி இடுப்பளவு நின்றது. மூன்றாம் நாள் பனிக்கட்டியில் ஓட்டை போட்டுக் குனிந்து பார்த்தாள். கூமுட்டை நாற்றம் மூக்கில் ஏறியது. டிலோய் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் சாகிறதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்க அவளால் முடியவில்லை. ஹேண்டிலை எடுத்துச் சுற்றினாள்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பனிக்கட்டி விரிசல் விட்டுத் திறந்தது, தண்ணீர் கொதிப்பது போலப் புரண்டது. அந்தத் திறப்பில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நெட்ரா கையைத் தட்டிச் சிரித்தாள். "வாங்கடி வாங்க, நல்லா மூச்சு விடுங்க!" என்று கத்தினாள். பிறகு ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. அவள் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினாள். மறுநாள் பெய்த பனி அந்தத் திறப்பை மூடிவிட்டது.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த டிலோய், வீக்கம் வடிவதற்கு முன்பே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிமேல் இறங்கினான். மார்ச் முழுக்க அள்ளினான், ஏப்ரல் முழுக்க அள்ளினான். நெட்ரா ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். அவனுக்குச் சூடாகக் குடிக்கக் கொடுத்தாள், கையுறைகளை உலர்த்திக் கொடுத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஜூன் தொடக்கத்தில் ஏரி திறந்தது. காற்று எல்லாவற்றையும் கொட்டகைப் பக்கமே கொண்டுவந்து ஒதுக்கியது. கரை நெடுக வெள்ளை வயிறுகள். கடற்காக்கைகள் சண்டை போட்டுத் தின்றன. டிலோய் குனிந்து ஒரு மீனைக் கையில் எடுத்தான். முழங்கை நீளம் இருந்தது.

"ஒரு பல்லுக்காகப் போய் உக்காந்தேன் பாரு" என்றான். "புயல் வரும்னு ரேடியோல சொன்னான். வலியப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கலாம்."

"உன் தப்பில்லடா."

"வேற யாரு தப்பு? ஒரு குட்டையைக்கூடப் பாத்துக்கத் துப்பில்ல எனக்கு."

அன்றே ஆணியிலிருந்த சட்டைகள் இறங்கின. பை வண்டி சீட்டுக்குப் பின்னால் போனது. புதுக் குஞ்சுகளை ஏரியில் இறக்கிவிட்டுக் கிளம்புகிறேன், நெவாடாவில் ஆள் எடுக்கிறார்கள் என்றான். நெட்ரா மறுபடியும் அடுப்பைத் துடைத்தாள். உண்மையைச் சொன்னால் கோபத்தில் போவான். சொல்லாவிட்டால் பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டு போவான். எப்படியும் போவான்.

மீன்துறை லாரியை ஓட்டிக்கொண்டு மார்வா வந்தாள். வாய் ஓயாத பெண். தொட்டியின் மூடியைத் திறந்ததும் நெட்ரா வாளியோடு முன்னால் பாய்ந்தாள். மார்வா அவள் கையில் ஒன்று போட்டாள்.

"அவசரக்குடுக்கை! ஏரித் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பழக்கணும். அப்படியே கொட்டினா குளிர் தாங்காம சாகும். போய் அந்தக் கல்லுல உக்காருங்கக்கா."

நெட்ரா உட்கார்ந்தாள். முழங்காலைத் தேய்த்தாள். டிலோய் ஒரு குவளை ஏரித் தண்ணீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றுவதும், காத்திருப்பதும், அடுத்த குவளையை ஊற்றுவதுமாக இருந்தான். அவனுக்கு எங்கிருந்துதான் இந்தப் பொறுமையோ. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

"ஒண்ணு மட்டும் புரியல" என்றாள் மார்வா. "பக்கத்து ஏரி இதைவிட ஆழம் கம்மி. அங்க ஒரு ஆளும் பனி அள்ளல. அதே புயல்தான். மீனெல்லாம் துள்ளுது."

டிலோய் குவளையோடு நின்றான். "அப்ப நான் அள்ளினதே தப்போ என்னமோ."

குஞ்சுகள் விரல் நீளத்தில் கறுப்பாக நெளிந்து தண்ணீருக்குள் இறங்கின. கடைசி வாளி காலியானதும் டிலோய் கொட்டகைக்குள் போய் ஹேண்டிலோடு வந்தான்.

"இந்தா. அக்டோபர்ல, ஐஸ் கட்டறதுக்கு முன்னாடி எஞ்சினப் போட்டுடு. போட்டா நிறுத்தாத. போட மறந்துட்டா நடுவுல தொடாத."

நெட்ரா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு வேணாம்."

"என்ன வேணாம்?"

"அதை என் கையில குடுக்காத. பிப்ரவரில நான்தான் போட்டேன். நீ ஊருல இருந்தப்ப."

மார்வா காலியான தொட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடுவது போலப் பாவனை செய்தாள்.

டிலோயின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. "அப்ப மார்ச்சு முழுக்க நான் செத்த மீனுக்கா பனி வெட்டினேன்?"

"ஆமா."

"நீ ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்த."

"ஆமாண்டா."

"ரத்தம் கசியற வாயோட வெட்டினேன்டி!" என்று கத்தினான். அக்காவை அவன் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. அதோடு நிறுத்தவில்லை. சுரங்கத்தில் கற்றது, படகில் கற்றது என்று வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டினான். கடற்காக்கைகள்கூட எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தன. நெட்ரா தலையைக் குனியாமல் வாங்கிக்கொண்டாள்.

"திட்டு. தப்பு என்னோடதுதான், உன்னோடது இல்ல. அதை நீ தூக்கிட்டுப் போக வேணாம்" என்றாள். "மீன் செத்தா நீ போயிடுவேன்னு பயந்துதான் போட்டேன். இப்பவும் அதே பயம்தான். நீ போனா நான் இதுங்களையும் கொன்னுடுவேன்டா. வேணும்னு இல்ல. பாத்துக்கிட்டு சும்மா இருக்க என்னால ஆகாது. உனக்குத் தெரியும்ல."

டிலோய் தண்ணீரைப் பார்த்தான். குஞ்சுகள் இன்னும் கரையோரமாகவே கூட்டமாக நின்றன, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல். அவன் ஹேண்டிலோடு விறுவிறுவென்று பிக்கப்பை நோக்கி நடந்தான். வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நெட்ரா கண்ணை மூடிக்கொண்டாள். ஹேண்டிலை வீசிவிட்டுக் கிளம்பப் போகிறான் என்று நினைத்தாள்.

தொப்பென்று எதுவோ அவள் காலடியில் விழுந்தது. கான்வாஸ் பை. டிலோய் ஹேண்டிலைக் கோட்டின் உள்பைக்குள் திணித்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். உன்ன நம்பி ஒரு தவளையைக்கூட விட முடியாது" என்றான். குரலில் கோபம் அப்படியே இருந்தது. "அந்தப் பையை நீயே உள்ள கொண்டு போ. உன் கைதான் சும்மா இருக்காதே."

அவன் மனசு மாறுவதற்குள், நெட்ரா பையை இரண்டு கைகளாலும் வாரி எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.