தீவுக்குப் போனவன்

பிரைட் திரும்பி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் என் தங்கை சுபிஷாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. வளைகுடாவில், முவைலாவில் என் ரூமிலேதான் இருந்தான். விசிட் விசா முடிகிற நேரம், "மச்சான், விசா மாத்த தீவுக்குப் போறேன்" என்றான். எங்கள் ரூமில் தீவு என்றால் கிஷ் தீவு ஒன்றுதான். புது விசா வரும்வரை அங்கே கிடந்து, ஒரே கட்டிலில் மாறி மாறித் தூங்கிச் சீரழிந்து வந்தவர்கள் எங்களிலேயே உண்டு. பாவமே என்று கருவாட்டுப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தோம். ஊரில் சுபிஷா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தினமும் மாதா கோயிலில் முழங்காலில் நின்றாள். அவனிடமிருந்து ஒரு போன் வரவில்லை.

வந்தவனுக்குக் கன்னம் உப்பியிருந்தது. கேமராவை நீட்டினான். தாய்லாந்தாம். புக்கெட், அதைத் தாண்டிப் பெயர் வாயில் நுழையாத குட்டித் தீவுகள். பச்சைக் கடல், இளநீர், நண்டு. ஒரு படத்தில் இவன் கவிழ்ந்து கிடக்க, ஒருத்தி முதுகில் எண்ணெய் தேய்க்கிறாள். அடுத்த படத்தில் அவளே இவன் மடியில். த்தூ, அந்த எண்ணெய் வாடை இன்னும் அவன்மேல் அடிப்பது போலிருந்தது.

"கிஷ்ஷுக்குப் போறேன்னுல்லாடே சொன்ன?"

"நான் எப்ப மச்சான் கிஷ்ஷுன்னேன்? தீவுன்னேன். தீவுக்குத்தான் போனேன்." ஈறு தெரியச் சிரித்தான். "கலியாணத்துக்கு முந்தி ஒருதரம். சுபிஷாகிட்ட சொல்லாண்டாம், என்ன?"

பொய்கூடச் சொல்லவில்லையாம், எச்சக்கலைப் பயல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கோயிலில் இவர்களுக்குக் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கும் ஓலை வாசிக்க இருந்தார்கள். வாசித்த பிறகு கல்யாணம் நின்றால் ஊர்ப்பேச்சு முழுக்க அவள் தலையில்தான் விழும். அவன் முன்னாலேயே சுபிஷாவுக்கு போன் போட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மடியில் இருந்தவளையும் சொன்னேன்.

"அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லல்லா, அண்ணா?"

இவ்வளவு சொல்லியும் இதுவா கேள்வி? "கல்லு மாதிரி இருக்கான்" என்றேன்.

பிரைட் கையை நீட்டினான். "குடு மச்சான், நான் பேசி சரியாக்குதேன்."

நான் கொடுக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள், குரலில் நடுக்கமே இல்லை.

"அவரு சொகமா திரும்பணும்னு மாதாகிட்ட கேட்டேன். தந்தாச்சு. இனி அவருக்கு வேண்டி நான் முட்டுக்குத்த மாட்டேன். ஓலை வாசிக்காண்டாம்னு ஃபாதருகிட்ட நானே போய் சொல்லுதேன். நீ போனை வையி."