மூடாத பை

காய்கறிக் கடையில் காசைக் கொடுத்த கையோடு பையை மூடுகிறவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்பது அக்காவின் கட்சி. காய் வந்தாயிற்று, மீதிச் சில்லறையும் வந்தாயிற்று. அப்போதும் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. பை கேட்டுக்கொள்ளும். கடைக்காரர் கொஞ்சம் நெளிவார், அடுத்த ஆளுக்கு நிறுப்பது போல பாவலா காட்டுவார், கடைசியில் ஒரு கொத்து கொத்தமல்லியோ, கனிந்து தோல் சுருங்கிய இரண்டு தக்காளியோ அதற்குள் வந்து விழும். கொசுறு.

அவளை அக்கா என்று கூப்பிடுவது அந்தக் கடைக்காரர்தான். அவருக்கு அவளைவிட வயது கூட என்பதை இருவருமே கண்டுகொள்வதில்லை. நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். சட்டை தைக்கிற கம்பெனியில் இஸ்திரி போட்டு மடித்து அடுக்குவது அவள் வேலை. நாள் முழுக்க நின்றபடி. புருஷனுக்கு வயரிங் வேலை. வந்தால் வரும், வராத நாளில் ஏணி சுவரில் சாய்ந்திருக்கும், அவரும் அதன் பக்கத்தில் சாய்ந்திருப்பார். அப்படிப்பட்ட வீட்டில் அடுப்பு ஒருநாளும் அணைந்ததில்லை என்றால் அதற்கு அக்காவின் சாமர்த்தியம்தான் காரணம். இந்தக் காயெல்லாம் விடிந்தால் வாடிவிடுமே என்ற கவலை கடைக்காரருக்கு எப்போது வரும் என்று பார்த்துத்தான் கடைக்குப் போவாள். மீதிக்கு வீட்டின் பின்பக்கம் இருந்தது.

பின்பக்கம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிடக் கூடாது. சமையலறைக் கதவுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்து. பெயின்ட் டப்பாவில் தக்காளி, அடி போன வாளியில் கத்திரி, கிழிந்த சிமென்ட் சாக்கில் உருளைக்கிழங்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் புதினாவும் கீரையும். சுவர் மேலே ஏறி அடுத்த வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது மஞ்சள் பூசணிக் கொடி. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அங்கே போய் நின்று எது பூத்திருக்கிறது, எது பிஞ்சு விட்டிருக்கிறது என்று பார்க்காவிட்டால் அன்றைக்கு அவளுக்கு ஓடாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாத்தனார் வாயைத் திறக்கும் வரை.

நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை. நல்ல பெண்தான். வாய் மட்டும் அவள் பேச்சைக் கேட்காது. உறவுக்காரர் ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, "எங்க அண்ணி கடைக்குப் போறதே கொசுறு வாங்கத்தான். காய்தான் அதுகூட சேர்ந்து வரும்" என்று எடுத்துவிட்டாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்து வைத்தாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த தன் புருஷனும் தோள் குலுங்கச் சிரித்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சாப்பிடுகிற சோற்றுக்கும் சேர்த்துத்தானே அந்தப் பை திறந்திருந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் அவளுக்குக் கொசுறு அண்ணி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த நாத்தனார்தான் இப்போது போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றாள். மாப்பிள்ளை வரவில்லையாம்.

"வரட்டும்" என்று அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இலவசமாக வந்த ஒரு தழைகூட அந்தச் சமையலில் இருக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கியது, இல்லாவிட்டால் தன் கையால் வளர்த்தது, இரண்டே வகை. அவள் வயிறாரச் சாப்பிட்டு, குறை சொல்ல இடமில்லாமல் எழுந்து போக வேண்டும். அந்தப் பெயர் அன்றோடு ஒழிய வேண்டும்.

சனிக்கிழமை மாலை கடைக்குப் போனாள். வெங்காயமும் பச்சை மிளகாயும் மட்டும் கேட்டாள். கடைக்காரர் நிறுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசைக் கொடுத்தாள். பையின் வாயைச் சேர்த்து இரண்டு முறை முறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் கையில் கொத்தமல்லி அப்படியே நின்றது. போட இடமில்லை.

"என்னக்கா, பையைத் திறங்க."

"வேணாம் தம்பி."

"சும்மாதாங்க்கா."

"அதான் வேணாங்கறேன்."

அவர் கொத்தமல்லியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், நடந்து போகிற அக்காவின் முதுகைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கும் சந்தோஷமாக இல்லை. பழகியவர் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு வந்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கத்தையே உலுக்கி எடுத்துவிட்டாள். கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கினாள். கீரையைப் பருப்போடு கடைந்தாள். சாக்கைக் கவிழ்த்து மண்ணோடு விழுந்த உருளைக்கிழங்கைக் கழுவித் தோலோடு வறுத்தாள். சுவர் மேல் இருந்த பூசணியைப் புருஷன் ஏணி போட்டு இறக்கித் தந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஏணிக்கும் வேலை கிடைத்தது. புதினாவையும் பச்சை மிளகாயையும் அரைத்து வழித்தபோது வாசல் வரைக்கும் வாசனை போனது.

நாத்தனார் வந்தாள், உட்கார்ந்தாள், சாப்பிட்டாள். அக்கா எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சாப்பிட்டாள். வழக்கமாகச் சோற்றை அளைந்துகொண்டே ஊர்க்கதை பேசுகிறவள், அன்றைக்குப் பேச்சைக் குறைத்துக்கொண்டு பூசணியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள்.

"எல்லாம் வீட்டுல விளைஞ்சதா அண்ணி?"

"எல்லாமே. வெங்காயமும் மிளகாயும்தான் கடையில வாங்கினது. காசு குடுத்து" என்றாள் அக்கா. கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் மணி அடிக்க வேண்டும்? கதவைத் திறந்தால் காய்கறிக் கடைக்காரர். குளித்துச் சட்டை மாற்றி வந்திருந்தார். கையில் ஒரு பை.

"அக்கா, நேத்து நீங்க பையை மூடிட்டீங்க. இத்தனை வருஷத்துல ஒருநாளும் நீங்க பையை மூடினது இல்ல. தராசையே வேற பாத்துட்டு நின்னீங்க. எடை குறையுதுன்னு நினைச்சுட்டீங்களோன்னு எனக்கு மனசே சரியில்ல. தராசைக் கழட்டித் துடைச்சு, வேற கடை எடைக்கல்லை வச்சுப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு. இந்தாங்க, உங்க கொசுறு."

கொசுறு என்ற சொல் வாசலில் விழுந்து, கூடத்தைத் தாண்டி, சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனாரின் காது வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு உடம்பே கூசிப்போனது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்களே, அதை அன்றைக்கு நேரிலேயே பார்த்தாள்.

"எடையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. உள்ள வாங்க, சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்தவரை வாசலோடு அனுப்ப அவளுக்கு மனது வரவில்லை.

புருஷன் அவரைக் கை கழுவப் பின்பக்கம் அழைத்துப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. அக்கா எட்டிப் பார்த்தாள். கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சந்தின் நடுவே நின்றிருந்தார்.

"அக்கா, இந்தத் தக்காளி என் கடைதானே?"

"என்ன தம்பி சொல்றீங்க? நான் வளர்த்தது."

"வளர்த்தது நீங்க. ஆனா இந்த மாதிரி முட்டை வடிவத் தக்காளி ஒரே ஒரு தரம்தான் வந்துச்சு. விக்கல, அழுகிடுச்சு, உங்க பையிலதான் போட்டேன். உருளைக்கிழங்கு முளை விட்டதுன்னு நாலு போட்டேன். முத்தின கத்திரிக்காய் போட்டேன். கீரையையும் புதினாவையும் வேரோட போட்டேன். பூசணிக்காய் உள்ள இருக்கற விதைக் குடலைக் கூட விடாம வாங்கிட்டுப் போனீங்களே." அவர் சிரிக்கத் தொடங்கினார். "நான் குப்பைக்குன்னு வச்சதெல்லாம் இங்க வந்து குடித்தனம் பண்ணுது."

அக்கா தன் தோட்டத்தைப் பார்த்தாள். டப்பா டப்பாவாகப் பார்த்தாள். அவர் சொன்னது நிஜம். நட்டதும் நினைவிருந்தது, தண்ணீர் ஊற்றியதும் நினைவிருந்தது. எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவள் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. கொசுறு கலக்காமல் ஒரு சாப்பாடு போட வேண்டும் என்று இறங்கினாளே, கடைசியில் வெங்காயத்தையும் மிளகாயையும் தவிர மற்ற காயெல்லாம் கொசுறு.

சமையலறைக் கதவருகே நாத்தனார் வந்து நின்றிருந்தாள். சாப்பிட்ட கை காய்ந்துகொண்டிருந்தது.

"அப்போ நான் சாப்பிட்டது எல்லாம்..."

"கொசுறுதாம்மா" என்றாள் அக்கா. இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்ற தைரியம் வந்துவிட்டது. "போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

நாத்தனார் சிரிக்கவில்லை. புருஷன்தான் குறுக்கே வந்தார். "அன்னிக்கு நானும் சிரிச்சேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கடைக்காரருக்குத் தட்டு எடுக்க உள்ளே போனார். அது அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது.

கடைக்காரர் சாப்பிட்டு, தன் கடைச் சரக்குக்கு இவ்வளவு ருசியா என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார். அவர் கொண்டுவந்த பை அடுப்பு மேடையில் இருந்தது. அதில் முளைவிட்ட இஞ்சி, உருளைக்கிழங்கு, வேரோடு ஒரு கட்டுக் கீரை.

மாலையில் நாத்தனார் கிளம்பினாள். வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவது அந்த வீட்டில் இல்லை. மீதமிருந்த கத்திரிக்காயையும் பாதிப் பூசணியையும் அக்கா அவள் பையில் போட்டாள். நாத்தனார் செருப்பை மாட்டினாள். படியில் இறங்கியவள் அங்கேயே நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் வேலை செய்யற இடத்துல ஆளைக் குறைச்சுட்டாங்க அண்ணி. அவரையும் நிறுத்திட்டாங்க. அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல."

பூசணியை அவள் இரண்டாம் தரம் கேட்டது அக்காவுக்கு நினைவு வந்தது. நாத்தனார் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தாள். ஆனால் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூடிடாத, இரு" என்று சொல்லிவிட்டு அக்கா பின்பக்கம் போனாள், புதினாவை வேரோடு பிடுங்க.