பக்கத்து இருக்கையின் பிரேக்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனாகிய நான், என் மனதைப் பழுதுபார்க்க முன்வந்த ஆலோசகர்களில் மூவரை இதுவரை பணிநீக்கம் செய்திருக்கிறேன், நான்காமவரின் பணிநீக்கம் இன்று காலை இந்த டயர் கடை மாடியில் நடைபெறும், பொதுமக்கள் திரண்டு வரத் தேவையில்லை... வந்தாலும் உட்கார இடமில்லை, இருப்பது ஒரு சோபா, அதில் நான், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி, அதுவே கொஞ்சம் வாடித்தான் இருக்கிறது. முதலாமவர் குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் பேசினார், நான் தூங்கிவிட்டேன், அதை முன்னேற்றம் என்றார். இரண்டாமவர் தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார், எந்தக் கண்ணாடி, வண்டியில் மட்டும் மூன்று இருக்கிறதே? மூன்றாமவர் தலையைச் சாய்த்து ‘ம்... ம்...’ என்றார், அதற்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜே போதும். மனைவியின் அண்ணனோ, “மாப்பிள்ளைக்கு என்ன குறை, ரெண்டு நாள் வாக்கிங் போனா எல்லாம் பறந்துடும்” என்கிறார், அவர் வாக்கிங் போவதே காரில்தான். மனைவி மட்டும் எதுவும் சொல்வதில்லை, இன்று செருப்பு மாட்டும்போதுதான், “இவங்ககிட்டயும் டிராஃபிக்கைப் பத்தியே பேசிட்டு வந்துடாதீங்க” என்றாள், பிறகு மெதுவாக, “எனக்குப் பயமா இருக்குங்க”... அவளுக்கு லாரி விஷயம் தெரியாது, யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கூப்பிட்டார்கள். நாலாவது ஆலோசகருக்குச் சளி, மூக்கைச் சிந்திவிட்டு, “உட்காருங்க சார்” என்றாள், என் மகள் வயதுதான் இருக்கும், இவளா என்னைத் தூக்கி நிறுத்தப்போகிறாள்? டிராஃபிக்கைப் பற்றி ஆரம்பித்தேன், சிக்னலை மதிக்காதவர்கள், இண்டிகேட்டர் போட்ட பக்கத்தை விட்டு மறுபக்கம் திரும்புகிறவர்கள், நாட்டின் எதிர்காலம்... அவள் குறுக்கே வந்தாள், “அதெல்லாம் சரி சார், நீங்க வண்டியில உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?” எப்படி இருக்கும், பக்கத்தில் கற்றுக்கொள்கிறவர், என் காலடியில் எனக்கென்று ஒரு பிரேக், அன்றைக்கும் இருந்தது, எதிரே நின்றிருந்த லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது, அன்று கற்றுக்கொள்ள வந்த வங்கிக்காரம்மா ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொண்டு நேராக அதை நோக்கி, நான் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன், கால் போகவில்லை, வரட்டுமே என்று... வரட்டுமே. கடைசியில் அந்தம்மாவே மிதித்தார். “நானே போட்டுட்டேன் சார்! கடைசி வரைக்கும் என்னை நம்புனீங்களே!” அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டவன்தான் நான், இவளுக்கு என்ன தெரியும்...

“கால் என்ன சார் பண்ணுது?” குனிந்து பார்த்தேன். என் செருப்பு கம்பளத்தைத் தரையோடு நசுக்கிக்கொண்டிருந்தது. பிரேக், என்றேன். “அப்போ யாரு ஓட்டறது?” நீதாம்மா, ரொம்ப வேகமா போறே, என்றேன். அவள் சிரிக்கவில்லை, தலையைச் சாய்க்கவுமில்லை, தும்மினாள். “சரி, மெதுவா போறேன். நிறுத்தணும்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்.” நான் இத்தனை காலம் எல்லாரிடமும் சொன்ன வசனம், என்னிடமே சொல்கிறாளே, என்ன திமிர்! பணிநீக்க உத்தரவைப் படிக்கத்தான் வாயைத் திறந்தேன், “ஒரு லாரி” என்று வந்தது, பிறகு மீதியும் வந்தது, ‘வரட்டுமே’ உட்பட. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கால் மட்டும் விடவில்லை, அன்றைக்கு நிஜ பிரேக்கின் பக்கம் போகாமல் கிடந்த அதே கால், இன்று வெறும் கம்பளத்தை உயிரைக் கொடுத்து மிதிக்கிறது... அப்படியென்றால் என்ன அர்த்தம்? எதை நிறுத்தப் பார்க்கிறது?

கீழே வந்ததும் மனைவியின் போன், ஆள் எப்படி என்றாள்.

வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, அடுத்த வாரமும் வரலாம் என்றேன்.