மூளி என்று சொன்ன ஊர்

நெடுங்கரைப்பட்டியில் மூளி என்று வாயால் சொன்னவர்களுக்கு, மறுநாள் விடிவதற்குள் ஒரு காதின் மடல் உதிர்ந்துவிடும். வலி கிடையாது, ரத்தம் கிடையாது. பழுத்த இலை மாதிரி விழும். கம்மல் போட்டிருந்தால் கம்மலோடு விழும். புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது, தைக்க முடியாது என்றார். அதோடு வைத்தியம் முடிந்தது.

அரிமளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அந்தச் சொல் இல்லாமல் ஒருநாளும் ஓடியதில்லை. விளிம்பு உடைந்த பானை மூளி. காதறுந்த ஆடு மூளி. நகையில்லாத கழுத்து மூளி. புருஷன் செத்தவள் எத்தனை லட்சணமாக இருந்தாலும் மூளி. தன்னிடம் பெருமைப்பட எதுவும் இல்லாதவர்களுக்கு அடுத்தவர் குறை சோறு மாதிரி, மூன்று வேளையும் வேண்டும். மாவு மில் வைத்திருக்கும் உண்ணாமலைக்கு அந்தப் பெயர் வந்தது, திருமயம் பஸ் ஸ்டாப்பில் பைக்கில் வந்த எவனோ அவள் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகு. இடது மடல் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. திருடனைத் திட்ட ஊரில் ஒரு வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பேர் வைக்க எல்லா வாயும் திறந்தது.

மது எடுப்புத் திருவிழாவில் முதல் குடம் அவள் வீட்டுக்கு உரியது. நெல் நிரப்பித் தென்னம்பாளை செருகிய மண்குடத்தைத் தலையில் வைத்து முன்னால் நடக்க வேண்டும். மற்றக் குடங்கள் பின்னால் வரும். மாமியார் முடியாமல் படுத்த பிறகு அது உண்ணாமலையின் முறை. அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. காப்புக் கட்டும் அன்று குடங்களைச் சுண்டிப் பார்த்து, கீறலையும் உடைசலையும் கழிப்பது கமிட்டித் தலைவர் பெரியகருப்பனின் வேலை. அவள் குடத்தைச் சுண்டினார். கணீரென்றது. பிறகு அவள் காதைப் பார்த்தார்.

"குடம் நல்லாத்தான் இருக்கு. ஆளு மூளி. அங்கிட்டு வச்சிரு" என்றார்.

அதுவரை அந்தச் சொல்லைச் சொன்ன யாருக்கும் எதுவும் ஆனதில்லை. அன்று சாயங்காலம் போனைக் காதில் வைத்த பெரியகருப்பனின் இடது மடல் உள்ளங்கையில் விழுந்தது. "என்னங்க, இப்படி மூளியாப் போயிட்டீங்க" என்று அழுதாள் அவர் மனைவி மருதாயி. விடிந்தபோது அவளுடையது கம்மலோடு தலையணையில் கிடந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய் அதே சொல்லைச் சொல்லி ஆளுக்கொன்றாக இழந்தார்கள். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டவர்களுக்கு விழுந்தது. சொல்லால்தான் விழுகிறது என்பது நாலைந்து நாளில் ஊருக்கே விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய, வாயை மூடத்தான் தெரியவில்லை. ஒரு காது போனவளைப் பார்த்தால், தன் காதைக் கொடுத்தாவது சொல்லியாக வேண்டியிருந்தது. இரண்டும் போனவர்கள் இனிப் போக என்ன இருக்கிறது என்று தாராளமாகவே சொன்னார்கள். உண்ணாமலை மில்லில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, அருவருப்பாக இருந்தது. மாவை அரைத்து, வாங்க வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

திருவிழா அன்று குடம் தூக்க ஒரு பெண் தேறவில்லை. மூளி குடத்தைத் தொடக் கூடாது என்பது அவர்களே போட்ட சட்டம். கிழிந்தாலும் இரண்டு மடலும் உள்ளவள் உண்ணாமலை ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. கமிட்டி மொத்தமும் மில் வாசலில் வந்து நின்றது. முன்னால் பெரியகருப்பன். மிச்சமிருந்த வலது மடலைக் காப்பாற்ற, அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

"ஆத்தா, ஒன் குடத்தை நீதான் எடுக்கணும். வா" என்றார்.

உண்ணாமலை மெஷினை நிறுத்தினாள். "வாரேன். அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் என்ன சொன்னீங்களோ, அதைச் சொல்லியே கூப்பிடுங்க."

"அது எதுக்குத்தா இப்ப?"

"சொன்னாத்தான் வருவேன்."

பெரியகருப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; எல்லோரும் அவர் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூளி, வா" என்றார்.

இந்த முறை மடல் சாயங்காலம்வரைகூடக் காத்திருக்கவில்லை. வாசற்படியில் விழுந்ததை ஒரு கோழி கொத்திக்கொண்டு போனது. உண்ணாமலை கையைக் கழுவிவிட்டு வந்து குடத்தைத் தூக்கினாள். அந்தச் சட்டம் முதல் குடத்துக்கு மட்டும்தான் என்று கமிட்டி போகிற வழியிலேயே மாற்றிக்கொண்டது.

வருஷா வருஷம் முதல் குடம் இப்போதும் அவளுடையதுதான். பின்னால் வரும் பெண்கள் அவள் கிழிந்த காதைப் பார்த்து அதே சொல்லை முணுமுணுத்தபடி நடக்கிறார்கள். அவர்களுக்கு விழ எதுவும் இல்லை. அந்த ஊரிலும் குழந்தைகள் முழுக் காதோடுதான் பிறக்கின்றன. அதனால் காதுகுத்தை, பிள்ளைக்குப் பேச்சு வருவதற்குள் நடத்தி முடித்துவிடுகிறார்கள்.